அரை மணி நேரத்துல ஆகாதுங்க இந்த சாசேஜ் டின்னர்

"ஒரே ட்ரே, 25 நிமிஷம், டின்னர் ரெடி!"

இப்படி வீடியோ போடறவங்க எல்லாரையும் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு கிச்சன்ல கொண்டாந்து நிறுத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

ஒரு பக்கம் "அம்மா பசிக்குது"ன்னு ஒரு குரல். இன்னொரு பக்கம் லேப்டாப்ல முடியாம இழுக்கற மீட்டிங். நாங்க இருக்கறது இங்கிலாந்துல, ரெடிங்ல. டிசம்பர்ல நாலு மணிக்கே பொழுது சாஞ்சுடும். அதுக்கு மேல அடுப்படில நின்னு சோறு, ரசம், பொரியல்னு மூணு பாத்திரம் வெக்க யாருக்கு மனசு வரும்? அதனாலதான் இந்த ட்ரே சமையல் பக்கமே ஒதுங்கினேன். ஒதுங்கின எடத்துலயும் ஏமாத்தினா கோவம் வருமா வராதா?

நேத்து பார்த்த வீடியோல ஒரு புண்ணியவதி என்ன பண்றாங்கன்னா, பச்சை உருளைக்கிழங்கு, கேரட், கோர்ஜெட் (ஊர்ல சுக்கினிம்பாங்க), தக்காளி, ப்ரொக்கோலி, வெங்காயம், மேல எட்டு சாசேஜ், எல்லாத்தையும் ஒரே ட்ரேல கோபுரமா குவிச்சாங்க. எண்ணெய் ஊத்தினாங்க. ஓவன்ல தள்ளினாங்க. கட்! அடுத்த ஷாட்ல எல்லாம் பொன் நெறமா ஜொலிக்குது.

நடுவுல என்ன நடந்துச்சு? அதை மட்டும் யாரும் காட்ட மாட்டாங்க.

நான் சொல்றேன். உருளை நடுவுல நறுக்கு நறுக்குன்னு பச்சையாவே இருக்கும். ப்ரொக்கோலி கரிஞ்சிருக்கும். கோர்ஜெட்டும் தக்காளியும் விட்ட தண்ணில சாசேஜ் முழுகி, வெளிறிப்போய், தோல் சுருங்கிக் கெடக்கும். ஒரு தடவை இந்தக் கோலத்துல ட்ரேயை வெளிய எடுக்கறப்ப அம்மா வீடியோ கால்ல இருந்தாங்க. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "என்னடி இது, ஆஸ்பத்திரி சாப்பாடா?"ன்னாங்க.

(அம்மா திருச்சி. மனசுல பட்டதை வடிகட்டாம சொல்லிடுவாங்க.)

ஆனா ஒண்ணு. இந்தச் சாப்பாட்டை நான் விடறதா இல்ல. ஏன்னா ஒழுங்கா செஞ்சா இது அருமையான சாப்பாடு, சோம்பேறிகளுக்குன்னே ஆண்டவன் அனுப்பினது. 25 நிமிஷத்துல ஆகாது, அவ்வளவுதான். 50 நிமிஷம் ஆகும். ஆனா அந்த 50ல நாம வேலை செய்யறது 10, மிஞ்சிப்போனா 12 நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் ஓவனோட நேரம். நாம மீட்டிங்கை முடிக்கலாம், துணி மடிக்கலாம், சும்மா சோபால சாயலாம். சப்பாத்தி போடறதுல இது நடக்குமா? அரை மணி நேரத்துல முடிஞ்சாலும் அந்த அரை மணியும் கல்லு முன்னாடிதான் நிக்கணும். சமையல் எவ்வளவு நேரமாகும்னு கேக்கறதை விட, நான் எவ்வளவு நேரம் நிக்கணும்னு கேக்கணும். இதை எந்த வீடியோவும் சொல்லல, அதான் நான் சொல்றேன்.

சரி, மொதல்ல சாசேஜ்.

இங்க சூப்பர்மார்க்கெட் குளிர்பெட்டி முன்னாடி நின்னா தலை சுத்தும். அத்தனை வகை. விலையும் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வித்தியாசம். காரணம் அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கும்: கறி எத்தனை சதவீதம்னு. இந்த ஊர் சட்டப்படி "போர்க் சாசேஜ்"னு பேர் போட்டு விக்கணும்னா அதுல பன்னிக்கறி 42 சதவீதம் இருந்தா போதும். 42! வெறும் "சாசேஜ்"னு மொட்டையா எழுதினா 32 சதவீதமே போதும். மிச்சம்? ரஸ்க்குத் தூள், தண்ணி, மசாலா. (ரஸ்க்குன்னா கோதுமை. கோதுமை ஒத்துக்காதவங்க கவனிச்சு வாங்குங்க.)

ரஸ்க்கு கொஞ்சம் இருக்கறது தப்பில்ல. கறிச்சாறை உறிஞ்சு உள்ளயே வெச்சுக்கும், சாசேஜ் மெத்துனு இருக்கும். ஆனா மலிவு சாசேஜ்ல தண்ணி ஜாஸ்தி, அதெல்லாம் ட்ரேல எறங்கி வெள்ளை வெள்ளையா நுரைச்சு நிக்கும். சட்டில வறுத்தா அந்தத் தண்ணியை வத்த வெச்சுடலாம். ட்ரேல காய்தான் அதைக் குடிக்கும். அதனால ட்ரே சமையலுக்கு 80 சதவீதத்துக்கு மேல கறி இருக்கற சாசேஜா பார்த்து வாங்குங்க. வாரத்துல மிச்சம் பிடிக்கறதை வேற எதுலயாவது பிடிச்சுக்கலாம்.

என் கட்சி கம்பர்லேண்ட். வடமேற்கு இங்கிலாந்துக்காரங்க சாசேஜ். அதுல மிளகு தூக்கலா இருக்கும், நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். ஊர்ப் பேருக்குப் பாதுகாப்பு வாங்கின ஒரிஜினல் கம்பர்லேண்ட், துண்டு துண்டா இருக்காது, நீளமா சுருட்டி வெச்சிருப்பாங்க. 2011ல கெடைச்ச அந்தஸ்து அது, அதுலயும் கறி 80 சதவீதத்துக்குக் கொறையக்கூடாது. சூப்பர்மார்க்கெட்ல அதே பேர்ல வர்றது பெரும்பாலும் சாதாரணத் துண்டு சாசேஜ்தான், பரவாயில்ல, மிளகு இருக்கு. லிங்கன்ஷைர்னு இன்னொண்ணு, அதுல சேஜ் இலை வாசனை. எங்க வீட்டுக்காரருக்கு அது உசிரு. எனக்கு என்னவோ தைலம் தடவின மணம்தான் வருது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இது ஒண்ணுதான் தீராத தகராறு.

பன்னிக்கறி வேண்டாம்னா ஹலால் கடைல மெர்கேஸ் கெடைக்கும். வட ஆப்பிரிக்கா சரக்கு, ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது போட்டுப் பிசைஞ்சு வெச்சிருப்பாங்க. ஒல்லியா இருக்கறதால சீக்கிரம் வெந்துடும். காரம் பத்தலைன்னு பொலம்பறவங்களுக்கு இதான் மருந்து.

சைவம்னா? வேல்ஸ்காரங்க கிளாமோர்கன்னு ஒண்ணு செய்யறாங்க, சீஸ், லீக்ஸ், ரொட்டித் தூள் வெச்சு. நல்லாவே இருக்கும். மாமியார் வந்திருந்தப்ப அதான் வாங்கினேன். "அதே ட்ரேல ஓரமா வெச்சா என்ன, நடுவுல ஒரு ஃபாயில் மடிச்சு வெக்கறேனே"ன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. பார்த்தாங்க. ரெண்டு ட்ரே வெச்சேன்.

இப்ப காய்க்கு வருவோம். விஷயமே இங்கதான் இருக்கு.

காய் செவக்கணும்னா சூடு 140 டிகிரியாவது ஏறணும். தண்ணி இருக்கற எடத்துல சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனை நீங்க 200ல வெச்சாலும் சரி, 250ல வெச்சாலும் சரி, காய் மேல ஈரம் இருக்கற வரைக்கும் அது வேகத்தான் செய்யும், செவக்காது. ஒரு காய் விடற ஆவி பக்கத்துக் காய் மேல படிஞ்சா ரெண்டும் சேர்ந்து அவியும். கோபுரமா குவிச்சா உள்ள இருக்கறதெல்லாம் அவியல்தான். (நான் சொல்றது தேங்காய் போட்ட அவியல் இல்ல. அது தெய்வீகம்.)

அதனால, கழுவின காயைத் துண்டால நல்லா ஒத்தி எடுங்க. ட்ரேல ஒரே அடுக்கா, ஒண்ணை ஒண்ணு தொடாம பரப்புங்க. எடம் பத்தலைன்னா ரெண்டு ட்ரே. அமெரிக்க ரெசிபில எல்லாம் வர்ற ஷீட் பான் 18க்கு 13 அங்குலம். எங்க ஓவனுக்குள்ள அதை நுழைக்கணும்னா சாய்ச்சுத்தான் நுழைக்கணும். அவங்க அளவை அப்படியே எடுத்துட்டு நம்ம சின்ன ட்ரேல கொட்டினா விடியாது. கண்ணாடி டிஷ்ஷும் வேண்டாம், சூடேற நேரமாகும், ஓரம் உசரமா இருக்கறதால ஆவியும் வெளிய போகாது. தகரமோ இரும்போ, தட்டையா, ஓரம் தாழ்வா இருக்கணும்.

எங்க மூணு பேருக்கு நான் எடுக்கறது: ஆறு சாசேஜ் (400 கிராம் பாக்கெட்), உருளை அரை கிலோ, கேரட் ரெண்டு, செவப்பு வெங்காயம் ரெண்டு, குடைமிளகாய் ஒண்ணு, ப்ரொக்கோலி ஒரு கைப்பிடி.

ஓவனை 200ல வெச்சிடுங்க. (ஃபேன் ஓவனுக்கு 200. ஃபேன் இல்லாததுன்னா 220.) காலி ட்ரேயும் உள்ளயே இருக்கட்டும், அதுவும் சூடாகட்டும்.

உருளையை ஒரு அங்குலத் துண்டா வெட்டி, கேரட்டை அதைவிடச் சின்னதா வெட்டி, உப்பு, ரெண்டு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பெரட்டி, சூடான ட்ரேல கொட்டறப்ப "சொய்ங்"னு ஒரு சத்தம் வரணும். வந்தா பாதி வேலை முடிஞ்சுது. உருளையோட வெட்டின பக்கம் தகரத்துல படற மாதிரி திருப்பி வைங்க. அதுக்கு ஒரு நிமிஷம் ஆகும், சோம்பேறித்தனப்படாதீங்க. இந்த ரெண்டு கிழங்கும் மட்டும் தனியா 15 நிமிஷம் உள்ள இருக்கட்டும்.

அப்புறம்தான் சாசேஜ். கூடவே வெங்காயம், குடைமிளகாய். வெங்காயத்தைப் பொடியா நறுக்கினா கரிஞ்சு போயிடும், வேரோட சேர்த்து ஆறு கீத்தா வெட்டுங்க, இதழ் பிரியாம நிக்கும். சாசேஜைக் குத்தாதீங்க. முள்கரண்டியால குத்தணும்னு ஒரு கோஷ்டி இருக்கு. குத்தினா உள்ள இருக்கற கொழுப்பெல்லாம் ஓடிடும், சாசேஜ் வறண்டுடும். இந்தச் சூட்டுல அது அவ்வளவு லேசுல வெடிக்காது. சாசேஜ் கக்கற கொஞ்சநஞ்ச கொழுப்பும் பக்கத்துல இருக்கற உருளைக்குத்தான் போய்ச் சேரும், சேரட்டும்.

20 நிமிஷம் கழிச்சுக் கதவைத் தெறப்பீங்க. கண்ணாடி போட்டிருந்தா ஒரு விநாடி உலகமே தெரியாது. அப்புறம் தெரியும். உருளையோட அடிப்பக்கம் தகரத்துல ஒட்டின மாதிரி இருக்கும், கரண்டியை உள்ள விட்டு நெம்பினா ஒரு சின்ன சத்தத்தோட விட்டு வரும், பழுப்பா, மொறுமொறுன்னு ஒரு தோலோட. விட்டு வரலைன்னா இன்னும் ஆகலைன்னு அர்த்தம், இழுக்காதீங்க, அதுவா விடும். ட்ரே மூலைல இருக்கற வெங்காயக் கீத்து நுனில கறுத்து, நடுவுல ஜவ்வு மிட்டாயாட்டம் இழுக்கும். எங்க வீட்ல அந்த நாலு மூலை வெங்காயத்துக்குத்தான் அடிதடி.

இப்ப சாசேஜைத் திருப்பிப் போட்டு, ப்ரொக்கோலியை எண்ணெய்ல பெரட்டிச் சேர்த்து, இன்னும் 10 நிமிஷம். சாசேஜ் நடுவுல 75 டிகிரி வந்தா வெந்தாச்சு. தெர்மாமீட்டர் இல்லைன்னா ஒண்ணை வெட்டிப் பாருங்க, பச்சையா, கொழகொழன்னு இருக்கக்கூடாது. வெந்த பிறகும் லேசா ரோஸா இருக்கற சாசேஜ் உண்டு, அதனால நெறத்தை மட்டும் நம்பாம தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிப் போடறது நல்லது. பெரிய விலையெல்லாம் இல்ல.

தக்காளி, கோர்ஜெட்? தக்காளி வேணும்னா செர்ரி தக்காளியை முழுசா, வெட்டாம, கடைசி 10 நிமிஷத்துல. கோர்ஜெட்டை இந்த ட்ரே பக்கமே சேர்க்காதீங்க. அதுல இருக்கறது பூரா தண்ணி. அதைக் கூட்டு வெச்சுச் சாப்பிடுங்க, மரியாதையா இருக்கும்.

மசாலா பத்தி.

இங்கிலீஷ்காரங்க ரெசிபில கடுகு விழுதும் தேனும் குழைச்சுப் பூசுவாங்க. நல்ல ஜோடிதான். ஆனா தேன் ஆரம்பத்துலயே போனா கரிஞ்சு கசக்கும், கடைசி 10 நிமிஷத்துலதான் போகணும். மிளகாய்த்தூளுக்கும் இதே சட்டம். முதல்லயே போட்டா கறுத்துடும், நெடி வேற.

நான் போடறது சோம்பும் மிளகும். ரெண்டையும் ஒண்ணும் பாதியுமா நுணுக்கி, உருளையோட ஆரம்பத்துலயே. இதைப் பார்த்துட்டு ஆபீஸ்ல ஒருத்தர் "ஓ, இந்தியன் ஃப்யூஷன்"னார். ஃப்யூஷனும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. இத்தாலிக்காரங்க பன்னி சாசேஜ்ல காலங்காலமா சோம்பு போடறாங்க. நம்ம பக்கம் பன்னி வறுவல்லயும் சோம்பு, மிளகுதான். கொழுப்புக் கறிக்கு சோம்பு சேரும்னு ரெண்டு ஊர்க்காரங்களும் அவங்கவங்க அடுப்படில கண்டுபிடிச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

கறிவேப்பிலை? கடைசி ரெண்டு மூணு நிமிஷம், எண்ணெய் தடவி மேல தூவுங்க. அப்பளமா நொறுங்கும்.

(இந்த நாட்ல நம்ம ஆளுங்களுக்கெல்லாம் ஒரு பொது எதிரி இருக்கு: ஸ்மோக் அலாரம். கடுகு தாளிச்சா கத்தும், மிளகாய் வறுத்தா கத்தும். ஒருத்தர் தாளிக்க, ஒருத்தர் துண்டை வெச்சு விசிற, ஒருத்தர் ஜன்னலைத் தெறக்க, ஒரு ரசத்துக்கு மூணு ஆள். ட்ரே சமையல்ல அது வாயைத் தெறக்கறதில்ல, ட்ரேல பழைய எண்ணெய் பிடிச்சிருந்தா ஒழிய. நான் இதுக்கு மாறினதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.)

ஊர்ல ஓ.டி.ஜி. வெச்சிருக்கறவங்க கவனத்துக்கு: நம்ம ஊர் ஃப்ரீசர்ல கெடைக்கற சிக்கன் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வேக வெச்சது, பாக்கெட்ல போட்டிருக்கும், படிச்சுக்கோங்க. அதை அரை மணி நேரம் உள்ள விட்டா ரப்பராயிடும். ஐஸ் கரைய விட்டு, ஈரம் ஒத்தி எடுத்து, கடைசி 12 நிமிஷத்துக்கு உள்ள போனா போதும். அதுல கொழுப்பும் கம்மி, அதனால காய்க்கு எண்ணெய் ஒரு ஸ்பூன் கூட வேணும். ஓ.டி.ஜி. சின்னதா இருக்கும், கம்பி கிட்டயே இருக்கும், அதனால ரெண்டு பேர் அளவுக்கு மேல அடைக்காதீங்க. கேரட், உருளையோட சர்க்கரைவள்ளியும் போடலாம், சீக்கிரம் செவக்கும், கண்ணு வெச்சுக்கோங்க. கத்திரிக்காய் எண்ணெய் குடிக்கும், ஆனா குடிச்சதுக்கு நன்றியா ருசி காட்டும்.

இப்ப ஒரு கசப்பு மாத்திரை. இதைத் தெனம் செய்யாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015ல பதப்படுத்தின கறியைப் புற்றுநோய் வரவைக்கற பட்டியல்ல சேர்த்துச்சு. தெனம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும்னு கணக்கு. 50 கிராம்னா ஒரு சாசேஜ்தான். பயமுறுத்தறதுக்குச் சொல்லல. எங்க வீட்ல வாரம் ஒரு நாள், அன்னிக்கும் தலைக்கு ரெண்டு, மிச்சத் தட்டெல்லாம் காய். ட்ரே சமையல்ல எனக்குப் பிடிச்சதே இதுதான், சாசேஜை விட காய்தான் மொதல்ல தீரும். பொரியல்ல கேரட்டைப் பொறுக்கி ஓரமா வெக்கற எங்க பொண்ணு இதுல சத்தமில்லாம சாப்பிடறா. நானும் எதுவும் கேக்கறதில்ல. கேட்டா நிறுத்திடுவா.

மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு நாளுக்குள்ள தீர்த்துடுங்க. சாசேஜை வட்ட வட்டமா நறுக்கி, காயோட சேர்த்து, முட்டை உடைச்சு ஊத்தி, பழைய சோத்துல பெரட்டினா மறுநாள் டிபன் பாக்ஸ் ஆச்சு. ஒரிஜினலை விட இதுதான் நல்லாருக்குன்னு வீட்டுக்காரர் சொல்றார். (லிங்கன்ஷைர் கட்சிக்காரர் சொல்றதை ரொம்ப எடுத்துக்க வேண்டாம்.)

ட்ரே கழுவற பிரச்சனைக்கு பேக்கிங் பேப்பர் விரிக்கலாம். ஆனா பேப்பர் போட்டா உருளைக்கு அந்த அடித்தோல் பாதிதான் வரும். நான் பேப்பர் போடறதில்ல. சாப்பிட்டு முடிச்சதும் சூடு ஆறின ட்ரேல வெந்நியும் சோப்பும் ஊத்தி வெச்சுட்டுப் போய்த் தூங்கிடுவேன். காலைல யார் மொதல்ல எழுந்திருக்காங்களோ அவங்க தேய்க்கணும். எங்க வீட்ல இப்பல்லாம் யாருமே சீக்கிரம் எழுந்திருக்கறதில்ல.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கு. வெண்டைக்காயை இந்த ட்ரேல போடலாமான்னு ரொம்ப நாளா யோசனை. தனியா ஓவன்ல வெச்சா மொறுமொறுன்னு வருது, சாசேஜ் கொழுப்போட சேர்ந்தா கொழகொழக்குமோன்னு பயம். இங்க வெண்டைக்காய் விக்கற விலைக்குப் பரிசோதனை பண்ண மனசு வரல. யாராவது செஞ்சு பார்த்திருந்தா, எத்தனை நிமிஷம், முழுசாவா நறுக்கியாங்கற வரைக்கும் விவரமா எழுதுங்க.